வகுப்புப் பயிற்சிக்காக எடுத்த கருத்தாய்வை இப்போது ஆய்விதழில் வெளியிட, அது முடிந்த பிறகு ஐஆர்பி (மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் குழு) ஒப்புதல் வாங்க முடியுமா?

முடியாது. ஆய்விதழ் ஒப்புதல் எண் கேட்கிறது என்பதற்காக, முடிந்துபோன கருத்தாய்வுக்கு ஐஆர்பி முன்தேதியிட்டு ஒப்புதல் தருவதில்லை. அமெரிக்காவின் ஃபோர்டாம், மார்க்வெட் போன்ற இயேசு சபைப் பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான்.

வகுப்புப் பயிற்சிக்காக எடுத்ததால் பேராசிரியர் அப்போது கேட்டிருக்க மாட்டார். வெளியிடப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

வகுப்பு முழுவதற்கும் சேர்த்து அவர் அனுமதி வாங்கியிருந்தாரா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பதில்கள் உள்ள எக்செல் கோப்பில் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி இருக்கிறதா பாருங்கள். இணையக் கருத்தாய்வுக் கருவியான குவால்ட்ரிக்ஸ் சொல்லாமலே ஐபியைச் சேமித்து வைத்திருக்கும். எதையும் அழிக்காமல், நடந்ததை அப்படியே ஐஆர்பி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கையிலுள்ள தரவைப் பயன்படுத்த விடுவதா என்பது அவர்கள் முடிவு.

பதிலளித்தவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் இருந்தால் இன்னும் கடினம். மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி விதியான 45 சிஎஃப்ஆர் 46-இல் கருத்தாய்வுக்குள்ள விலக்கு சிறாருக்குப் பொருந்தாது.