மூணாறு மலையில் இரவு வெள்ளத்தை முன்கூட்டியே அறிய முடியுமா?

எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உறங்குவோர் இரவு வெள்ளத்தை முன்பே அறிய வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கனமழைக்கான சூழலை ஒரு நாள் முன்பே சொல்லிவிடலாம். ஆனால் எந்த ஓடை பெருகும் என்பதை ரேடாரைக் கொண்டு சில மணி நேரத்துக்கு முன்புதான் ஓரளவு கணிக்க முடியும், அதுவும் மலைமுகடுகள் ரேடார் அலைகளை மறிக்கும் இடங்களில் தவறக்கூடும். 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் மழை என்பதே வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கையின் அளவு என்றாலும், ஊறிப்போன மண் சரிய அதைவிடக் குறைந்த மழையே போதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் 70 உயிர்களைப் பறித்த நிலச்சரிவும் நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பின்னரே நிகழ்ந்தது. ஆகவே சிவப்புக்கு ஒரு படி கீழான ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே, வெளிச்சம் இருக்கும்போது தள்ளி நின்று ஓடையைக் கவனியுங்கள்: தண்ணீர் செம்மண் நிறமாகிக் கற்கள் உருளும் ஓசை கேட்டாலோ, மழை ஓயாமலே ஓடை திடீரென வற்றினாலோ (மேலே அடைபட்டிருக்கலாம்), இருட்டும்வரை காத்திராமல் ஓடையையும் சரிவையும் விட்டு விலகிவிடுங்கள்.