அம்மா அப்பாவுக்குக் காது மெஷின்: ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) பதில்கள்

அப்பாவுக்கு 74 வயது. டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு மெஷின் இருக்கிறதே, வாங்கலாமா மேடம்? (தஞ்சாவூர்)

வேண்டாம். வயதினால் காது மந்தமாகும்போது முதலில் போவது ச, த, ஃப் போன்ற மெல்லிய கீச்சொலிகள்தான். "சத்தம் கேட்குது, என்ன பேசுறீங்கன்னு புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். அந்த மலிவு மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும். ஃபேன் இரைச்சல் பெரிதாகும், பேச்சு அப்படியே இருக்கும்.

முதலில் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அழுக்கு அடைத்திருந்தால் எடுத்துவிடுவார்கள், சிலருக்கு அதோடு சரி. இல்லையென்றால் ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாள், எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். ஒன்று மட்டும்: ஓரிரு நாளில் திடீரென்று காது கேட்காமல் போனால் அது மெஷின் விவகாரமே இல்லை, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கடையில் 8 சேனல் 25,000, 16 சேனல் 60,000 என்கிறார்கள். எது நல்லது? (சேலம்)

வீட்டில் நாலு பேருடன் பேசி, கோயிலுக்குப் போய்வரும் அம்மாவுக்கு 60,000 தேவையில்லை. சேனல் என்பது மெஷின் ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதிகள். அந்த எண்ணிக்கையைவிட, ஆடியோகிராமைப் பார்த்து யார் புரோகிராம் செய்கிறார், அதாவது மெஷினை அம்மாவின் காதுக்கேற்ப அமைக்கிறார் என்பதுதான் முக்கியம். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவரா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் டிரயல் பார்க்க விடுவார்களா, பிறகு புரோகிராம் மாற்றக் காசு உண்டா என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லைப் பாருங்கள். "பாதி விலை ஆஃபர்" என்றால் அதே மாடலை இன்னொரு இடத்தில் விசாரியுங்கள். மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் சலுகை விலைக்குக் கிடைக்கும். ஈரோடு, நீலகிரிக்காரர்களுக்கு அந்தப் பயணம் லாபம்தான்.

இரண்டு காதுக்கும் வேண்டுமா? (நாகர்கோவில்)

இரண்டிலும் குறைவு இருந்தால் இரண்டுக்கும் போடுவது நல்லது. விலை உயர்ந்த ஒன்றைவிடச் சாதாரண மெஷின் இரண்டு மேல் என்பது என் கட்சி.

இலவசமாகக் கிடைக்குமா? (விருதுநகர்)

இரண்டு வழி உண்டு. ஒன்று, 2017இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். 60 வயது தாண்டியவர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாதவர் என்றால் தகுதி உண்டு. உதவிக் கருவிகள் தயாரிக்கும் மத்திய அரசின் கான்பூர் அலிம்கோ நிறுவனம் முகாம் போட்டுக் கொடுக்கும். இரண்டாவது, கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு (ஒலியை அளக்கும் அலகு) குறையாத இழப்பு இருக்க வேண்டும் என்பதால், ஒரு காது ஓரளவு கேட்கிறவருக்கு அட்டை கிடைப்பது கஷ்டம்.

இலவச மெஷின் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். அதைக் காதுக்குப் பின்னால் மாட்டியதோடு விடாமல், ஆடியாலஜிஸ்டிடம் காட்டி அளவு சரிசெய்துகொள்ளுங்கள். காது அச்சு எடுத்து, காதுக்குள் பொருந்தும் மோல்ட் செய்துகொண்டால் இன்னும் நல்லது.

வாங்கிக் கொடுத்தோம். அம்மா டப்பாவிலேயே வைத்திருக்கிறார், "தலைவலிக்குது" என்கிறார். என்ன செய்ய? (மதுரை)

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. பல வருஷம் அமைதியாக இருந்த காதில் திடீரென்று பாத்திரச் சத்தம், செருப்புச் சத்தம் எல்லாம் விழுந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். முதல் வாரம் ஒரு மணி நேரம், வீட்டுக்குள், ஒரே ஒருவருடன் பேச மட்டும் போடட்டும். அப்புறம் டிவி. கல்யாண மண்டபம் கடைசியில்தான். முதல் நாளே மண்டபத்துக்குப் போட்டுப் போனவர்கள் பலர் திரும்ப மெஷினைத் தொட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி புரோகிராம் செய்யக் கூட்டிப்போங்கள். எது தொந்தரவு என்று அம்மாவே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். வலித்தால் மோல்டைத் தேய்த்துத் தருவார்கள். கீச்சென்று விசில் அடித்தால் மோல்ட் தளர்ந்திருக்கும் அல்லது காதில் அழுக்கு இருக்கும். அப்புறம், அடுப்படியிலிருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள்.

பேட்டரியா, சார்ஜரா? (சென்னை)

விரல் நடுங்கினால் சார்ஜர். பேட்டரி என்றால் ஆரஞ்சு நிற 13ஆம் நம்பர், பழுப்பு நிற 312ஐவிடப் பெரியது, அதிக நாளும் வரும். ஸ்டிக்கரை உரித்ததுமே பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும், அதனால் முன்கூட்டி உரிக்காதீர்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். கடலோர ஈரப்பதம் மெஷினுக்கு எமன்.

மெஷின் வரும்வரை ஏதாவது வழி? (கடலூர்)

அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமென்றால், ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் போடுங்கள். பேசுவதைத் தமிழிலேயே எழுதிக் காட்டும், இலவசம். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.