நெதர்லாந்துச் சாணக் கரைசலும் நம் ராகிக் கொல்லையும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் நிலம். இரண்டு ஏக்கரில் மானாவாரி ராகி, மீதியில் தக்காளி; நான்கு கறவை மாடுகள். நெதர்லாந்தில் பால்பண்ணையில் வேலை பார்க்கும் மச்சான் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே சாணத்தை மட்க வைக்காமல், கரைசலாகவே டேங்கரில் ஏற்றி வயலில் விடுகிறார்கள். நாமும் பச்சைச் சாணத்தைப் போட்டால் மாதக்கணக்கில் காத்திருப்பது மிச்சம்தானே?

பதில்: ராகிக் கொல்லைக்கு அது வேண்டாம். ஆனால் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு: அவர்கள் மாட்டு மூத்திரத்தை ஒரு சொட்டுகூட மண்ணில் வீணாக விடுவதில்லை.

அவர்கள் நிலைமையே வேறு. சின்ன நாடு, நிலத்துக்கு மீறிய மாடும் பன்றியும் கோழியும். தீவனத்துக்குச் சோயா கப்பலில் வந்து இறங்குகிறது. அதன் சத்தில் பெரும்பகுதி சாணமாக அங்கேயே தங்குகிறது. நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியதால், 1991-ல் ஐரோப்பாவில் கொண்டுவந்த விதிப்படி, கால்நடை எரு வழியாக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துதான் (நைட்ரஜன்) போடலாம். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 69 கிலோ. மிஞ்சுகிற சாணத்தை எடுத்துப் போகப் பண்ணைக்காரரே காசு கொடுக்கிறார். நமக்கான பரிந்துரையோ ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம். அதில் அரை சதவீதம் தழைச்சத்து என்றால் 25 கிலோதான். அந்த 5 டன்னையே முழுதாகப் போடுகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்? நாம் ஒரு டிராக்டர் எருக் குப்பைக்கு விலை பேசி அலைகிறோம்.

வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். டேங்கரின் பின்னால் உள்ள கருவி புல்தரையைக் கீறி, அந்தக் கீறலுக்குள் கரைசலை விடும். மேலாக ஊற்றினால் அமோனியா காற்றில் போய்விடும் என்பதால் அங்கே அதற்குத் தடை. குளிர்ந்த ஈர மண், சத்தை உடனே இழுக்க வளர்ந்த புல்லும் தயார். உங்கள் கொல்லையில் விதைப்புக்கு முன் காய்ந்த மண்ணும் வெயிலும்தான். பச்சைச் சாணம் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும் சேரும், களை விதை முளைக்கும். கூளம் கலந்திருந்தால் அது மட்குவதற்காக நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும்; இளம் ராகி மஞ்சளடிக்கும்.

இனி மூத்திரம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும் சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதியும் அதில்தான். அங்கே கொட்டகைத் தரையின் இடைவெளி வழியாகச் சாணமும் மூத்திரமும் சேர்ந்தே கீழ்த்தொட்டிக்குப் போகும். நம் கொட்டகையில் மண்தரை குடித்துவிடுகிறது. இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. சாயங்காலம் மாடு கட்டும் இடத்தில், தின்னாமல் ஒதுக்கிய ராகித்தாள், கடலைத்தோல், சருகு எதையாவது பரப்பிவிடுங்கள். காலையில் ஊறிக் கனத்திருக்கும் கூளத்தைச் சாணத்தோடு வாரிக் குழியில் போடுங்கள். குழி 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். ஒரு முனையிலிருந்து நிரப்பி வாருங்கள். தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பிய பகுதியைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி மூடிவிடுங்கள். நாலைந்து மாதத்தில் எரு தயார். குழியில்லாமல் மேட்டில் குவித்து வைத்தால் வெயிலும் மழையும் பாதியைக் கொண்டுபோகும்.

நம் ஊரில் பார்த்துப் பார்த்து மனசு வேகிற விஷயம் ஒன்று: சித்திரையில் குப்பை அடித்து, குத்துக் குத்தாக விட்டு, ஆடி மழைக்குக் காத்திருப்பது. அத்தனை நாளும் சத்து ஆவியாகிறது. மழை பெய்து உழவு கூடும் நாளில் அடியுங்கள். இறைத்த அன்றே ஏர் ஓட்டிவிடுங்கள்.

நான்கு மாட்டு எரு மூன்று ஏக்கருக்கும் தாராளமாகப் பற்றாது. தக்காளிக்கு முதலில் ஒதுக்குங்கள். ராகிக்கு ஏக்கருக்கு 300 கிலோ மட்கிய எருவில் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ, சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, நிழலில் ஒரு மாதம் மூடிவைத்து விதைப்பின்போது போடுங்கள். மானாவாரி ராகிக்கான மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிலேயே வந்துவிடும்.

கரைசலாக விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால், கொட்டகை கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தீவனப்புல்லுக்குப் பாய்ச்சுங்கள். கோ-5 புல் அதை நன்றாக ஏற்கும். ஒரே பாத்தியில் தினமும் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள். குடிநீர் எடுக்கும் கிணறு, போர்வெல் பக்கம் அந்தத் தண்ணீர் தேங்கவே கூடாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.