கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

கேள்வி: பர்கூர் பக்கம், லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரம் எங்கள் வீடு. கணவர் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். ஆறு வயது மகனுக்கு மாதக்கணக்கில் மூக்கடைப்பு. வாயைத் திறந்தபடி தூங்குகிறான், குறட்டை வேறு. கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். வகுப்பில் கவனமே இல்லை என்கிறார் டீச்சர். திட்டியும் பார்த்துவிட்டோம். தூசியால் காதும் கெடுமா, டாக்டர்?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முதலில் அவனைத் திட்டுவதை நிறுத்துங்கள், அம்மா. அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

மூக்கின் பின்பகுதியிலிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேஷியன் குழாய் என்ற மெல்லிய பாதை போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து காதுக்குள் காற்றை விடும். சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கை வாட்டில் இருக்கும். டீசல் புகையும் தூசியும் மூக்கின் உட்சவ்வை வீங்க வைக்கும். சளியைத் தள்ளும் நுண்மயிர்களின் வேலை மந்தமாகும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெருத்துவிட்டால் குழாயின் வாய் அடைபடும். காற்றுப் போகாத நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது, சீழும் வராது. பிள்ளைக்குக் காதில் பஞ்சு அடைத்தாற்போல் இருக்கும். அதைச் சொல்ல அவனுக்குத் தெரியாது. அடிக்கடி வரும் சளி, அலர்ஜி ஆகியவற்றாலும் இது வரும் என்பதால் பழியை எல்லாம் தூசி மேலேயே போட மாட்டேன்.

போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனையும் செவிப்பறை அசைவையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்காது. பல பிள்ளைகளுக்கு இந்த நீர் 3 மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாமல், கேட்பதும் குறைவாகவே இருந்தால்தான் அடினாய்டு அறுவை, செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது என்றெல்லாம் யோசிப்போம். அதுவரை காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நீங்களாகவே கடையில் வாங்கிப் போடவும் வேண்டாம். நாள்கணக்கில் போட்டால், நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிடக் கூடும்.

வீட்டுக்குள் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் இப்போதைக்கு வேண்டாம். வாசலில் குப்பை கொளுத்துவது அறவே கூடாது. லாரிகள் அதிகம் போகும் நேரத்தில் சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிரானைட் தூசியில் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. பருந்தூசியை மூக்கு பிடித்து நிறுத்திவிடும்; கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரல் வரை போய்விடும். வருடக்கணக்கில் அது சேர்ந்து சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்துவிட்டால், கெட்ட நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தே இல்லை. கைக்குட்டையை மட்டும் முகத்தில் கட்டிக்கொண்டு கல் அறுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், பாலிஷ் போட வேண்டும். அதோடு முகத்தில் இடைவெளியில்லாமல் பதியும் என்-95 முகக்கவசமும் அவசியம். உங்கள் கணவர் பட்டறை உடையை அங்கேயே மாற்றி, தலைக்கும் குளித்த பிறகு மகனைத் தூக்கட்டும். அந்த உடையை வீட்டுக்குள் உதறாமல், நனைத்துத் துவையுங்கள்.

நாளைக்கே டீச்சரைப் பார்த்து அவனை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பேசும்போது அவன் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.