சின்னத் தொட்டிக்கு எந்த மீன்? தருமபுரி, கிருஷ்ணகிரி தண்ணீரை வைத்து ஒரு கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து: சார், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்துல தொட்டி வாங்கியிருக்கேன். வீட்டுல போர் தண்ணிதான். டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுது. நியான் டெட்ரா ஒரு இருபது விடலாமா?

நியான் வேண்டாங்க. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, உங்களுக்கு அது அதிகம். நியான் அமேசான் பக்கத்து ஓடை மீன். உப்பு குறைந்த, லேசாகப் புளிப்பேறிய தண்ணீர்தான் அதன் உடம்புக்கு ஒத்து வரும். 900 டிடிஎஸ்ஸில் சில வாரம் தாங்கலாம், பிறகு ஒவ்வொன்றாகப் போகும். ஆர்ஓ தண்ணீர் கலந்து வளர்க்க முடியும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே அளவில் கலக்க வேண்டும், ஒரு வாரம் விட்டாலும் கணக்கு தவறிவிடும்.

உங்கள் தண்ணீருக்கென்றே உள்ள மீன்கள் கப்பி, பிளாட்டி, மோலி. மூன்றும் குட்டி போடும் வகை. கால்சியம் போன்ற உப்புகள் அதிகமுள்ள கடினத் தண்ணீர் இவற்றுக்குத் தொல்லையே இல்லை, அதில்தான் செழிப்பாக இருக்கும். இவற்றை மென்மையான தண்ணீரில் விட்டால்தான் துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கும்.

இனி எண்ணிக்கை. உங்கள் தொட்டி 2 கன அடி, அதாவது 56 லிட்டர் சொச்சம். கல், மேலே விடும் இடம் போக 45 லிட்டர்தான் கணக்கு. அதில் ஆண் கப்பி மட்டும் 10, அல்லது 2 ஆணும் 4 பெண்ணுமாக பிளாட்டி. மோலி பெரிதாக வளரும், கழிவும் அதிகம். அதனால் 1 ஆண், 2 பெண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கூட வேறு மீன் வேண்டாம். இருபது என்ற எண்ணையே மறந்துவிடுங்கள்.

பென்னாகரம்: எங்களுக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணியும் வருது, போரும் இருக்கு. எது நல்லது? ஃபுளோரைடு மீனைக் கொல்லுமா?

ஃபுளோரைடு நம் பல்லுக்கும் எலும்புக்கும்தான் பெரிய கவலை. கால்சியம் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் மீன் மீது அதன் தாக்கம் குறைந்துவிடும். காய்ச்சினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

குழாய்த் தண்ணீரில் பார்க்க வேண்டியது குளோரின். அது செவுளை அரிக்கும், ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாய் அகன்ற பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் வையுங்கள், அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை பாட்டிலில் போட்ட அளவில் விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் அதில் கரைந்த ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். அதையும் சில மணி நேரம் காற்றடித்த பிறகே ஊற்ற வேண்டும்.

எது நல்லது என்பதைவிட, ஒன்றையே பிடித்துக்கொள்வது முக்கியம். ஒரு வாரம் காவிரி, மறு வாரம் போர் என்று மாற்றினால் எந்த மீனும் தாங்காது. உங்கள் மேல்தொட்டியில் இரண்டும் கலந்து வந்தால், ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

ஊத்தங்கரை: புதுத் தொட்டி, நல்லா கழுவி, ஃபில்டரையும் தினமும் கழுவினேன். அஞ்சாம் நாள் ஆறு மீன் செத்துப் போச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. என்ன தப்பு?

புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டதும், ஃபில்டரைத் தினமும் கழுவியதும்தான் தப்பு. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவுக்குப் பரவாயில்லை. இந்த பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் தினமும் அதைக் குழாயடியில் பிழிந்து விரட்டிவிட்டீர்கள். அம்மோனியாவுக்கு நிறமில்லை, அதனால் தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் இது கூடுதல் ஆபத்து. அம்மோனியாவின் விஷம் பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணைப் பொறுத்தது. 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவில் இருப்பது 1 சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8 என்றால் 5 சதவீதத்தைத் தாண்டும். கடினமான போர் தண்ணீர் காற்றுப் பட்டு நின்றதும் பெரும்பாலும் 8ஐ ஒட்டித்தான் நிற்கும். வெயில் காலத்தில் இன்னும் ஏறும்.

சரி செய்யும் வழி: ஸ்பாஞ்ச் ஃபில்டரை நிறுத்தாமல் ஓட விடுங்கள். மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். தெரிந்தவர் வீட்டு ஆரோக்கியமான பழைய தொட்டியிலிருந்து ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காத்திருக்கும் நாள் பாதியாகக் குறையலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு 3 ஆண் கப்பி. இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, மெதுவாக இரண்டு பிழி. அவ்வளவுதான்.

ஓசூர்: அண்ணா, மேசை மேல வைக்க 1 அடிக்கு 1 அடி தொட்டி. பையன் ஃபைட்டரும் கப்பியும் சேர்த்து கேக்கறான்.

ஃபைட்டர் ஆண் ஒன்று. அது மட்டும். கப்பியின் வால் ஃபைட்டருக்கு இன்னொரு ஃபைட்டரின் வாலாகத் தெரியும், கடித்துக் குதறிவிடும். அதன் பெண்ணையும் சேர்த்து விடாதீர்கள்.

ஓசூரில் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் கட்டாயம். லிட்டருக்கு 1 வாட் கணக்கில் இந்தத் தொட்டிக்கு 25 வாட் போதும், 26 டிகிரியில் வையுங்கள். ஹீட்டர் இல்லாவிட்டால் இரவு பகல் வித்தியாசத்தில் மீன் சோர்ந்து, வெள்ளைப் புள்ளி நோய் எளிதில் தொற்றும். தருமபுரி, அரூர் பக்கத்தில் பெரும்பாலான மாதங்கள் இது தேவைப்படாது. மூடி போடுங்கள், தாவும். மேல்மட்டத்தில் 2 விரல் இடம் விடுங்கள், அது மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன்.

காவேரிப்பட்டணம்: கண்ணாடிக் கிண்ணத்துல கோல்டு ஃபிஷ்?

கூடாது. ஒரு சாண் அளவுக்கு வளரும் மீன் அது. கிண்ணத்தில் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும்.

கிருஷ்ணகிரி: பாசியைச் சாப்பிடும்னு கடைக்காரர் சக்கர் கொடுத்தார். இப்ப அரை அடி ஆயிடுச்சு. ஏரியில விட்டுடட்டுமா?

விடவே விடாதீர்கள். பாரூர் ஏரியானாலும் கிருஷ்ணகிரி அணையானாலும் சரி. அது தென்னமெரிக்க மீன், நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் முட்டையையும் தின்று, வலையையும் கிழிக்கிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் தாருங்கள். இன்னும் வளர்ந்து 1 அடியைத் தாண்டும். ‘ஷார்க்’ என்று விற்கும் குட்டியும் இப்படித்தான், உண்மையில் அது ஆற்றுக் கெளுத்தி வகை. முழுசாக வளர்ந்தால் 3 அடிக்கு மேல். பாசிக்கு மருந்து மீன் இல்லை. விளக்கை 7 மணி நேரத்தோடு அணையுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள்.

பர்கூர்: இங்க கிரானைட் துண்டு நிறைய கிடைக்குது. உள்ள போடலாமா?

பாலிஷ் போடாத துண்டு என்றால் தாராளமாக. கழுவி, கூர் முனையைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாலிஷ் முகம், பிசின், மெழுகு பூசியது வேண்டாம். பளிங்கு, சுண்ணாம்புக் கல், சோழி இவை கரைந்து கடினத்தை இன்னும் ஏற்றும். சந்தேகக் கல்லின் மேல் வினிகர் சொட்டுங்கள், நுரைத்தால் வெளியே.

அரூர்: வெயில்ல தண்ணி குறையுது, போர் தண்ணிய ஊத்தி நிரப்பிடறேன். கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளையா படியுது.

ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கும். மேலே மேலே போரை ஊற்றினால், 900 இருந்த டிடிஎஸ் சில மாதத்தில் 1,500கூட ஆகலாம். குறைந்ததை ஆர்ஓ தண்ணீரோ, முதல் மழை போன பிறகு பிடித்த மழைத் தண்ணீரோ விட்டு நிரப்புங்கள். அதோடு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை வெளியேற்றிவிட்டு, உங்கள் வழக்கமான தண்ணீரை ஊற்றுங்கள். வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைத் துண்டு போதும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மட்டும் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள்.

மாரண்டஅள்ளி: நாலு நாள் ஊருக்குப் போறோம், தீனி யார் போடறது?

யாரும் வேண்டாம். வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினியைத் தாங்கும், பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு கொட்டும் தீனியைத் தாங்காது. கரன்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டிவிட்டுப் போங்கள்.