சிறிய கராஜில் இன்டர்லாக் டைல்களை நாமே போட முடியுமா?

ஒரே ஒரு கார் நிற்கிற அளவுக்குச் சின்ன கராஜ், எத்தனை முறை பெருக்கினாலும் சிமென்ட் தரையிலிருந்து தூசி கிளம்பிக்கொண்டே இருக்கிறது, பசையோ கலவையோ இல்லாமல் ஒன்றோடொன்று கோக்கிற பிளாஸ்டிக் டைல்களை ஆள் வைக்காமல் நானே போட்டுவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். என் கராஜுக்கு நானே போட்டேன். கோக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் தரை மேலெழும்பி நின்றது. அதனால் மற்ற எதையும்விட முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சுவர் ஓரத்தில் இடைவெளி விடுங்கள்.

நான் போட்டது குளிர்ச்சியான ஒரு காலை நேரத்தில். விளிம்பு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைசித் துண்டுகளை மில்லிமீட்டர் பிசகாமல் அறுத்து, இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக இறுக்கி அமர்த்தினேன். வெயில் காலம் வந்ததும் ஒரு நண்பகலில் ஷட்டரைத் திறந்தபோது, நடுவில் இரண்டு வரிசைகள் ஓட்டுக்கூரையின் முகடு போல் உயர்ந்திருந்தன. காலால் அழுத்தினால் அங்கே இறங்கும். அடுத்த வரிசை எழும்பும். டைல் தரமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். குறை டைலில் இல்லை. பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. விரியும். 6 மீட்டர் நீளத் தரையில் 20 டிகிரி ஏறினால் 12 மி.மீ. கீழே இருக்கும் கான்கிரீட் விரிவது அதில் பத்தில் ஒரு பங்குதான். விரிந்த டைல் சுவரை முட்டிவிட்டால் மேலே எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. சுவரோர வரிசையை மட்டும் கழற்றி, ஒவ்வொரு துண்டிலும் 10 மி.மீ. அறுத்தெடுத்தேன். மாலைக்குள் தரை தானாகவே படிந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை எழும்பவில்லை.

ஆக, எல்லாச் சுவர்களிலும் 10 மி.மீ. தூண் இருந்தால் அதைச் சுற்றியும் அதே அளவு. டைல்கள் ஒன்றோடொன்று கோக்கிற கண்ணிக்குள் கொஞ்சம் ஆட்டம் வைத்துத்தான் டைல் செய்கிறார்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. இடைவெளி கண்ணை உறுத்தினால் சுவரடியில் ஒரு பட்டையைச் சுவரோடு மட்டும் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம். இந்தத் தரை எதோடும் ஒட்டாமல் மிதக்க வேண்டிய தரை. கனமான பீரோவை ஒரு முனையிலும், கருவிகள் நிறைந்த மேசையை எதிர் முனையிலும் டைல் மேல் ஏற்றிவைத்தால் இரண்டு பக்கமும் ஆணி அடித்தது போல் ஆகிவிடும். அசையாமல் நிற்கிற பொருள்களின் கீழே டைல் போடாமல், அவற்றைச் சுற்றி வெட்டிவிடுவதே நல்லது.

அடுத்து, எந்த டைல். கடைகளில் பொதுவாக மூன்று வகை கிடைக்கும். பஞ்சு போன்ற ஃபோம் டைல் உடற்பயிற்சி அறைக்கானது, கார் ஏறினால் நசுங்கிவிடும், அதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டில் ஒன்று வளைகிற பிவிசி, ஏறத்தாழ 5 முதல் 7 மி.மீ. தடிமன். நடந்தால் மெத்தென்று இருக்கும், சத்தம் வராது. ஆனால் அதை மென்மையாக்கச் சேர்க்கிற பொருளுக்கும் டயர் ரப்பரில் கலந்திருக்கிற பாதுகாப்பு ரசாயனங்களுக்கும் ஒத்துப்போவதில்லை. ஓடிவந்த சூட்டோடு டயர் அதே இடத்தில் நாள்தோறும் நின்றால் பழுப்பு நிறக் கறை பிடிக்கும். அது மேலே படிந்த அழுக்கு அல்ல. டைலுக்குள்ளேயே இறங்கிய நிறம். தேய்த்தால் போகாது. பிவிசிதான் வேண்டும் என்றால் டயர் நிற்கும் தடத்தில் கறுப்போ அடர்சாம்பலோ போடுங்கள்.

மற்றது விறைப்பான பாலிப்ரொப்பிலீன் டைல். 12 முதல் 18 மி.மீ. தடிமன், பெரும்பாலும் 30 அல்லது 40 செ.மீ. சதுரம், மேலே துளைகளோ கட்டங்களோ இருக்கும். இதில் டயர்க் கறை அந்த அளவுக்கு ஊறாது, தண்ணீர் கீழே இறங்கி ஓடிவிடும். செருப்போடு நடந்தால் கடகடவென்று சத்தம் வரும் என்பது உண்மைதான். கார் நிறுத்துகிற இடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும் முன் ஷட்டருக்கோ கதவுக்கோ அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். உள்பக்கமாகத் திறக்கிற கதவு இருந்தால் 18 மி.மீ. உயரம் அதைத் தடுத்துவிடும்.

எதை வாங்குவது என்பதைத் தரையின் ஈரமும் சேர்ந்தே முடிவு செய்யும். அரை மீட்டர் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, கான்கிரீட் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட தரையில் துளையில்லாத பிவிசி போட்டால் அடியில் ஈரம் அடைபட்டு நாற்றம் வரும். காற்றோட்டமுள்ள துளை டைல்தான் சரி. தரை புதிதாகப் போட்டதென்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள்.

தரையைத் தயார் செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். எண்ணெய்க் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், உப்புப் பூத்திருந்தால் சுரண்ட வேண்டும். மயிரிழை விரிசல்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் படி போல நிற்கிற விரிசலைப் பூசிச் சமன் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஏறுகிறபோதெல்லாம் டைலின் கண்ணி அந்த இடத்தில் முறுக்கேறி ஒரு நாள் உடைந்துவிடும். வாசல் பக்கம் சரிகிற வாட்டத்தை மட்டும் தொடாதீர்கள். கார் கொண்டுவருகிற மழைநீர் வெளியேற அதுதான் வழி.

இப்போது கணக்கு. கராஜ் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், டைல் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர் இடைவெளியும் போக அகலம் 298 செ.மீ. ஒரு சுவரிலிருந்து தொடங்கினால் ஏழு முழு டைல்களும், எதிர்ச் சுவரில் 18 செ.மீ. துண்டும் வரும். பார்க்க ஒரு பக்கம் இழுத்தது போல் இருக்கும். அதற்குப் பதிலாக நடுவில் ஆறு முழு டைல்களும், இரு ஓரமும் 29 செ.மீ. துண்டுகளும் போட்டால் சீராக இருக்கும். இரண்டு முறையிலும் வரிசைக்கு எட்டு டைல்தான் செலவு. நீளத்தில், கார் ஏறிவர வாசல் விளிம்பில் கோக்கிற சரிவுப் பட்டை 6 செ.மீ.யும் பின்சுவர் இடைவெளி 1 செ.மீ.யும் போக, பதினான்கு முழு டைல்களும் பின்சுவரில் 33 செ.மீ. துண்டும் வரும். பதினைந்து வரிசைக்கு 120 டைல். தவறாக அறுபடுவதற்கும் பிற்காலத்துக்கும் சேர்த்து ஆறு ஏழு கூடுதலாக வாங்குங்கள். வாங்கிய பெட்டிகளைத் திறந்து ஒரு நாள் கராஜிலேயே வைத்திருங்கள், அந்த இடத்தின் வெப்பத்துக்கு டைல் வந்துவிடும்.

சுவரை நம்பிக் கோடு போடாதீர்கள். சுவர்கள் பெரும்பாலும் நேராக இருப்பதில்லை; வாசலிலும் நடுவிலும் பின்னாலும் அகலத்தைத் தனித்தனியே அளந்தால் தெரிந்துவிடும். வாசல் ஓரமாக ஒரு நூல் பிடியுங்கள். அதற்குச் செங்குத்தாக இன்னொரு நூல். மூலை சரியா என்று பார்க்கக் கொத்தனார்கள் செய்கிற 3-4-5 போதும்: ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 5 அடி வர வேண்டும். வாசலில் ஒரு விரல் அகலம் கோணினால் பின்சுவரில் ஒரு சாண் கோணும்.

டைலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வளையம் வளையமாகக் கண்ணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு பக்கங்களின் அடியில் முளைகள் இருக்கும். ஒரு டைலின் கண்ணி மேல் அடுத்த டைலின் முளையை வைத்துக் குதிகாலால் மிதித்தால் 'டக்' என்று இறங்கும். இறங்காவிட்டால் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. கண்ணிகள் எப்போதும் நீங்கள் நகர்கிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். வாசலின் இடது பக்கத்தில் தொடங்கி வலமாகவும் உள்ளாகவும் போவதென்றால் கண்ணிகள் வலப்பக்கமும் உள்பக்கமும் இருக்கட்டும். திருப்பி வைத்துவிட்டால் ஒவ்வொரு டைலையும் தூக்கித் தூக்கி அடுத்ததை அடியில் நுழைக்க வேண்டியிருக்கும், முதுகு ஒடிந்துவிடும். இப்படி வைக்கும்போது வாசலை நோக்குவது முளைப் பக்கம். ஆகவே சரிவுப் பட்டை கண்ணியுள்ளதாக இருக்க வேண்டும். கடைகளில் இரண்டு வகையும் விற்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஷட்டர் மூடும்போது அதன் அடி ரப்பர், பட்டைக்கு வெளியே வெறும் தரையில் படிய வேண்டும். டைல் மேல் படிந்தால் மழைநீர் அடிவழியே உள்ளே வந்துவிடும்.

முழு டைல்கள் முடிந்த பிறகுதான் துண்டுகள். இடப்பக்கத் துண்டில் கண்ணியும் வலப்பக்கத் துண்டில் முளையும் மிஞ்சும்படி அறுக்க வேண்டும், இங்கே நிதானம் தேவை. இடப்பக்கத்தில் முன்பே போட்ட டைலின் ஓரத்தைச் சற்றுத் தூக்கித் துண்டின் கண்ணியை அடியில் செருகிவிட்டு மிதியுங்கள். அறுப்பதற்கு ஜிக்சா என்கிற சின்ன மின்ரம்பத்தில் பெரிய பல் பிளேடு போட்டு மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, பிளேடு கடந்த இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்கிறது; அறுத்தோம் என்று நினைத்துத் தூக்கினால் துண்டு பிரியாமல் வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சூடான துகள் முகத்தில் தெறிக்கும். பிவிசிக்கு ஜிக்சா வேண்டாம், இரும்பு அளவுகோலை வைத்துக் கூரான கத்தியால் ஒரே கோட்டில் நான்கைந்து முறை கீறினால் போதும்.

பசை காயக் காத்திருக்கத் தேவையில்லாததால் அன்றே காரை உள்ளே விடலாம். கார் நின்றபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். டயர் டைலைப் பிடித்து முறுக்கும். சக்கரம் சற்றே உருளும்போது திருப்புங்கள். ஜாக் வைக்கும்போது அடியில் ஒரு கனமான பிளைவுட் பலகை கட்டாயம். பைக்கின் பக்க ஸ்டாண்டுக்கும் ஒரு சின்னப் பலகை வேண்டும். முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்கினால் டைல் துளைபட்டுவிடும். வெல்டிங், கிரைண்டிங் பொறிகள் விழுந்தால் உருகும் என்பதால் அந்த வேலைகளை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

துளைகள் வழியே மண் கீழே சேரும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை நான் பின்பக்கத்து நான்கு வரிசைகளைத் தாளைச் சுருட்டுவது போல் மடக்கி, பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். அப்போதே டயர் நிற்கிற இடத்தில் தேய்ந்த டைல்களைக் கழற்றி, யாரும் மிதிக்காத மூலையில் இருப்பவற்றோடு இடம் மாற்றிவிடுவேன்.