முப்பது டொலர் விஸ்கிக்கு என்ன மரியாதை?

கேள்வி: சென்ற இதழில், முப்பது டொலர் கனேடிய விஸ்கியையும் ரசித்துக் குடிக்கலாம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டு விருந்துகளில் மேசையில் ஸ்கொட்ச்தான் நிற்கும். கனேடியதைப் பெடியள் கோக் ஊற்றிக் குடித்துத் தீர்ப்பார்கள். அது பாதி வொட்கா, மீதி கரமெல் நிறம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மலிவுச் சரக்குக்கு இத்தனை மரியாதை எதற்கு ஐயா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஸ்காபரோ

பதில்: உங்கள் விஷயம் தெரிந்தவர்கள் சொன்னதில் பாதி சரி. கனேடிய விஸ்கியில் கரமெல் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஸ்கொட்ச்சில் அதே கரமெல்லைச் சேர்க்கப் பிரித்தானியச் சட்டமும் இடம் கொடுக்கிறது என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். விருந்து மேசையில் மின்னும் அந்தப் பொன்னிறத்தில் பீப்பாய் தந்தது எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று போத்தலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது வொட்காக் கதை. பெரும்பாலான கனேடியக் கலவைகளின் பெரும்பகுதி, தூண் போல உயர்ந்த வடிகலத்தில் 94, 95 வீதம் வரை வடித்தெடுத்த, மணம் குறைந்த மதுதான். மறுக்கவில்லை. ஆனால் அது 700 லீற்றருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்த பிறகுதான் விஸ்கி என்ற பெயரோடு வெளியே வர முடியும். வொட்காவுக்கு அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. உங்கள் மேசையில் நிற்கும் ஜோனி வோக்கர் பிளாக் லேபலிலும் சிவாஸ் றீகலிலும் முளைகட்டிய பார்லியில் செய்த மோல்ட்டோடு கலந்திருக்கும், மற்றத் தானியங்களிலும் செய்த கிரெயின் விஸ்கி எங்கே வடித்தது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் தூண் வடிகலம்தான், 94.8 வீதத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்பதுதான் அங்குள்ள கட்டுப்பாடு. அதைப் பாதி வொட்கா என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சிவாஸ் என்றதும் இன்னொன்று. 1949இல் சிவாஸ் நிறுவனத்தை வாங்கியது மொன்றியலின் சீகிராம் என்ற மது நிறுவனம். அரை நூற்றாண்டுக்கு அது கனடாக்காரர் சொத்தாகவே இருந்தது. ஸ்கொட்லாந்துப் பெருமை என்று நம்மவர்கள் சூட்கேசில் துணி சுற்றிக் கொண்டுபோன அந்தப் போத்தல்களின் இலாபம் அத்தனை வருடமும் மொன்றியலுக்குத்தான் வந்தது.

ஊறவைக்கும் விஷயத்தில் கனடாதான் மூத்தது. விஸ்கி அப்போதைக்கு 2 வருடமாவது பீப்பாயில் கிடந்தே ஆக வேண்டும் என்ற விதி இங்கே 1890இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவுக்கு அந்தப் புத்தி 1915இல்தான் வந்தது. அதற்காகக் கனேடியச் சட்டத்தைத் தூக்கிக் கொண்டாடவும் மாட்டேன். கனேடிய விஸ்கி என்றால் என்ன என்று கேட்டால், கனேடிய விஸ்கிக்குப் பொதுவாக உரியதாகக் கருதப்படும் மணமும் சுவையும் குணமும் அதற்கு இருக்க வேண்டும் என்று சட்டமே வட்டமடிக்கிறது. வெளிநாட்டு மதுவையோ வைனையோ பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 9.09 வீதம் வரை சேர்க்கலாம் என்ற விதியும் உண்டு. இதற்குச் சாட்டுச் சொல்லப்போவதில்லை. ஸ்கொட்லாந்தில் இது நடவாது. குறை சொல்ல வேண்டுமானால் இந்த இடத்தில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இனி விலை. ஏன் மலிவு? சோளம் மலிவு. தூண் வடிகலம் இரவு பகல் ஓடும். மனிற்றோபாவின் கிம்லியிலும் ஒன்ராறியோவின் வின்சரிலும் இருக்கும் வடிசாலைகள் மிகப் பெரியவை. இதில் எதுவும் சுவைக்கு எதிரி இல்லை. கனேடிய முறையின் நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் போர்பன் செய்கிறவர் சோளம், ரை, பார்லி எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்துப் புளிக்க வைப்பார். கனடாவில் வழமையாக ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியே புளிக்க வைத்து, தனித்தனியே வடித்து, தனித்தனிப் பீப்பாயில் ஊறவைத்து, கடைசியில்தான் கலப்பார்கள். நம் வீட்டில் கறித்தூளுக்கு மல்லி வேறாக, செத்தல் வேறாக, பெருஞ்சீரகம் வேறாக வறுக்கிற அதே காரணம்தான். ஒன்றுக்கு ஏற்ற சூடு மற்றதற்கு ஆகாது.

இந்த முறையைக் குடித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள ஃபோர்ட்டி கிரீக் பரல் செலக்ட் நல்ல போத்தல். 1992இல் கிரிம்ஸ்பியில் ஜோன் ஹோல் என்ற வைன்காரர் தொடங்கிய இடம். ஊரிலிருந்து வந்த உறவினரை நயாகராவுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது நீங்கள் எத்தனையோ தரம் அந்த ஊரைத் தாண்டியிருப்பீர்கள். 2014இல் இத்தாலியின் கம்பாரி அதை வாங்கிவிட்டது.

அடுத்து, ரை. கனடாவில் போத்தல் மேல் ரை விஸ்கி என்று போடுவதற்கு உள்ளே ரை தானியம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்வதில்லை. கனேடிய விஸ்கி, ரை விஸ்கி இரண்டும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆகவே லேபலை நம்பி வாங்காதீர்கள். ஆனால் அல்பேர்ட்டா பிரீமியம் என்று ஒன்று இருக்கிறது. கல்கரியில் 1946இல் தொடங்கிய வடிசாலையிலிருந்து வருவது. அதில் உண்மையாகவே ரைதான் முழுக்க முழுக்க. ரையைக் கையாள்வது வடிக்கிறவருக்குத் தலையிடி. தண்ணீரில் சேர்த்ததும் பசை போல இறுகும், புளிக்கும்போது நுரைத்துத் தள்ளும். அதைச் சமாளிக்க இந்த வடிசாலை தனக்கு வேண்டிய நொதியத்தைத் தானே தயாரிக்கிறது. இத்தனை பாடுபட்டுச் செய்ததை முப்பது டொலரைச் சுற்றி விற்கிறார்கள். விலை குறைவு என்பதாலேயே அதைப் பலர் தொடுவதில்லை என்பது என் சந்தேகம்.

2015இன் கடைசியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜிம் மரே என்ற ஆங்கில விமர்சகர் கிரவுண் றோயல் நோர்தன் ஹாவெஸ்ட் ரை என்ற கிம்லிச் சரக்கை அடுத்த ஆண்டுக்கான உலகின் சிறந்த விஸ்கி என்று அறிவித்தார். 90 வீதம் ரை, 45 வீத மது. அறிவிப்புக்கு முதல்நாள் வரை ஒன்ராறியோ அரசின் மதுக்கடையான எல்.சி.பி.ஓ. தட்டில் சாதாரணமாக நின்றது, பிறகு கண்ணில் காணக் கிடைக்கவில்லை. போத்தலுக்குள் ஒரு துளியும் மாறவில்லை. உலகில் இதுதான் முதலாவது என்று ஒரு தனி மனிதர் சொல்வதை நான் வேதவாக்காக எடுப்பதில்லை. ஆனால் அவர் மலிவு விலையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவில்லை, அதுவரைக்கும் மெத்தச் சரி. 2021ஆம் ஆண்டுக்கு அவர் தேர்ந்ததும் கனேடியதே: அதே அல்பேர்ட்டா பிரீமியத்தின், தண்ணீர் சேர்க்காமல் பீப்பாய் வலுவிலேயே அடைத்த வகை.

கிரவுண் றோயல் என்றால் நம் வீடுகளில் தெரிந்தது அந்த ஊதாப் பைதான். 1939இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தம்பதி கனடா வந்தபோது சீகிராமின் சாம் பிரொன்ஃப்மன் தயாரித்த விஸ்கி அது. விஸ்கியின் ருசி மறந்து போன வீடுகளிலும் பை மட்டும் சில்லறைக் காசோடு லாச்சிக்குள் கிடக்கும்.

சரி, எப்படிக் குடிப்பது? முதலில் முழுப் போத்தல் வாங்காதீர்கள். இங்கே மிக்கி என்று சொல்லும் 375 மில்லிலீற்றர் போதும். வாய் ஒடுங்கிய கிளாஸ் ஒன்று எடுங்கள். இல்லாவிட்டால் சிறிய வைன் கிளாஸ். 25, 30 மில்லிலீற்றர் ஊற்றி, ஐஸ் போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். குளிர் மணத்தை அடக்கிவிடும். வைனைச் சுழற்றுவது போலச் சுழற்றி மூக்கை உள்ளே விடவேண்டாம், எரியும், பிறகு வேறெதுவும் தெரியாது. கிளாஸை நாடிக்கு நேரே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மணந்து பாருங்கள்.

முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதை நாக்கின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அல்பேர்ட்டா பிரீமியம் என்றால் முன்னால் வருவது வனிலாவும் பட்டர்ஸ்கொட்ச்சும். அது பீப்பாய் தந்தது. அந்த இனிப்பு அடங்கும் நேரத்தில் நாக்கின் இரு ஓரத்திலும் மிளகு ஏறும், பின்னால் கராம்பும் வேர்க்கொம்பும். ரை பேசத் தொடங்குவது அங்கேதான். விழுங்கிய பிறகு தோடம்பழத் தோலின் உட்பக்க வெள்ளையைக் கடித்தது போல ஒரு மெல்லிய கைப்பு நிற்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும். இனிப்பு திகட்டாமல் காப்பது அதுதான். இனி ஒரு தேக்கரண்டியால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மணந்து பாருங்கள். எரிவு பின்வாங்கி, அதுவரை ஒளிந்திருந்தது மேலே வரும். குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவவேண்டாம். பத்து நிமிடம் கழித்து முகர்ந்தால், மது பறந்தபின் மிஞ்சிய மரமும் தானியமும் தெரியும். மலிவுக் கலவைகளைச் சோதிக்க நான் நம்புவது இந்தக் காலிக் கிளாஸைத்தான்: வெறும் சீனி வாசம் மட்டும் வந்தால் அந்தப் போத்தலைப் பெடியளிடமே விட்டுவிடலாம்.

இவை எல்லாம் மட்டன் ரோல் வருவதற்கு முன்னால். அந்த உறைப்பு நாக்கில் ஏறியபின் முப்பது டொலர் விஸ்கியும் முந்நூறு டொலர் விஸ்கியும் ஒன்றுதான்.

கலந்து குடிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டு வழக்கமே ரையும் ஜிஞ்சர் ஏலும். கனடா டிறை ஜிஞ்சர் ஏலை ஜோன் மக்லாக்லின் 1904இல் உருவாக்கியது இதே ரொறன்ரோவில்தான். இஞ்சிக்கு ரையின் உறைப்போடு ஒத்துப் போகத் தெரியும். கோக்கின் சீனியும் புளிப்பும் எதையும் விட்டுவைக்காது. கோக் ஊற்றிக் குடித்துவிட்டுக் கனேடிய விஸ்கியில் ஒன்றுமில்லை என்று சொன்னால், அவர்கள் குடித்தது கோக்.

பாசாங்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். 40 வீத விஸ்கியில் 43 மில்லிலீற்றர் ஒரு அளவு. வாரத்துக்கு இரண்டு அளவுக்கு மேல் போனால் உடலுக்கு ஆபத்துக் கூடத் தொடங்கும் என்கிறது 2023இல் வந்த கனேடிய வழிகாட்டி. அவ்வளவுதான் குடிக்கப்போகிறோம் என்றால், அதை நாக்கில் படாமல் விழுங்குவது எந்தக் கெட்டித்தனம்?

அடுத்த விருந்துக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் ஸ்கொட்ச்சில் இரண்டு வகை, கனேடியதில் இரண்டு வகை. நாலையும் ஒரே மாதிரிக் கிளாஸில், அடியில் இலக்கம் ஒட்டி, குசினிக்குள் வைத்து ஊற்றுங்கள். ஸ்கொட்லாந்தின் ஐலாத் தீவிலிருந்து வரும் புகை மணக்கிற மோல்ட் வேண்டாம், அது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். விஷயம் தெரிந்தவர்களை வரிசையாக இருத்தி, எது எந்த நாடு, எது என்ன விலை என்று துண்டில் எழுதச் சொல்லுங்கள். துண்டுகளை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். ஊற்றுகிறவர் மட்டும் குடிக்காதவராக இருக்கட்டும். மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் இறக்கவும் ஆள் வேண்டுமல்லவா.